சோராவின் கடைசி வரி

இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பயந்துபோனதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பயப்படுவதற்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வெட்கம். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் இது இன்னொரு பொய்யாகிவிடும். பொய் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். தேதி, நேரம் எல்லாம் அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் தஹ்மீனா. ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். அத்தா லியாகத் அலி தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். வீடு, கிடங்கு, கொப்பரை காயவைக்கும் களம் எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். கிடங்கின் மேலே ஒரே ஒரு அறை. வெளியூர் லாரிக்காரர்கள் படுத்து எழுந்து போகட்டும் என்று அத்தா கட்டியது. அதனால் கதவுக்கு உள்ளேயும் தாழ்ப்பாள், வெளியேயும் தாழ்ப்பாள். எந்த லாரிக்காரரும் தங்கவில்லை. எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்து நான் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆங்கிலப் படங்களுக்குக் கொரிய மொழி சப்டைட்டில் தேடுவேன். கொரியத் தொடர்களாகப் பார்த்துப் பார்த்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். பரீட்சை எழுதி நாலாவது நிலை வரைக்கும் தேறினேன். அதற்கு மேல் ஏற எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். காதில் ஆங்கிலம், கண்ணில் கொரியன். ஆங்கிலம் புரியும் என்பதால் கொரியன் தானாகப் புரியும்.

ஆனால் அந்த சப்டைட்டில் சும்மா கிடைக்காது. கொரியாக்காரர்களின் பழைய இணையதளங்களில், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ ஏற்றிவிட்டுப் போன ஃபைல்களாகக் கிடக்கும். திறந்தால் எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்தால் நேரம் பொருந்தாது. அவர்களிடம் இருந்த பிரதி வேறு, என்னிடம் இருக்கும் பிரதி வேறு. ஒருவன் சுட்டு முடித்த பிறகு "சுடாதே" என்று எழுத்து வரும். படத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பிடித்துச் சரியான நொடியில் வைத்தால் நடுவில் உள்ளவை ஓரளவு தாமாக வந்து உட்காரும். மீதியைக் கையால் நகர்த்த வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நாள் ஆகும்.

இப்படித் தேடியபோதுதான் சோரா கிடைத்தார். சோரா என்றால் சங்கு. அது புனைபெயர், ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பதினொரு படங்களுக்கு எழுதியிருந்தார். எல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். மற்றவர்கள் வசனத்தை மட்டும் எழுதுவார்கள். சோரா சத்தங்களையும் எழுதியிருந்தார். கதவு திறந்தால் அடைப்புக்குறிக்குள் (பழைய கதவு திறக்கும் சத்தம்). மழை பெய்தால் (தகரத்தின் மேல் மழை). ஒரு இடத்தில் (அவள் கோப்பையை வைக்கிறாள், சத்தம் வராமல்) என்று எழுதியிருந்தார். வராத சத்தத்தைக்கூட எழுதுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொரியாவில் சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து திரை கறுத்த பிறகு கடைசி வரியாகத் தங்கள் பெயரைப் போடுவார்கள். கூடவே ஒரு வேண்டுகோளும் வைப்பார்கள். சோராவின் பதினொரு ஃபைல்களிலும் ஒரே வரிதான் இருந்தது.

"சத்தங்களை என் அம்மாவுக்காக எழுதினேன். அவர் கடைசி வரி வரை படிப்பார். இந்த வரியை அழிக்காதீர்கள். சோரா."

அழித்தேன்.

பதினொன்றிலும் அழித்தேன். அந்த இடத்தில் "சப்டைட்டில்: தஹ்மீனா" என்று கொரிய எழுத்தில் போட்டேன். நேரம் பொருத்தியது நான்தானே, இரண்டு நாள் கண் எரிய உட்கார்ந்தது நான்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மார்ச் மாதம் பதினொன்றையும் சப்டைட்டில் பகிரும் ஒரு தளத்தில் என் பெயரில் ஏற்றினேன். அடுத்த மாதமே சோராவின் ஃபைல்கள் இருந்த அந்தப் பழைய கொரியத் தளத்தை மூடிவிட்டார்கள். உலகத்தில் அந்தச் சப்டைட்டில் இனி என் பெயரில் மட்டும்தான் இருக்கும் என்று தெரிந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

சென்னையில் ஒரு நிறுவனம் கொரிய சப்டைட்டில் வேலைக்கு ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். விண்ணப்பத்தில் பதினொரு படங்களையும் என் வேலை என்று காட்டினேன். ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை வீடியோவில் நேர்காணல். மாதங்கி என்றொரு மேலாளர் பேசினார். மரியாதையானவர்.

"சத்தமெல்லாம் எவ்ளோ அழகா எழுதிருக்கீங்க தஹ்மீனா. இது யாருக்காக எழுத ஆரம்பிச்சீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"எங்கம்மாவுக்குங்க. அவங்களுக்குக் காது கேக்காது."

மாதங்கி, "சாரிங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் என் அம்மா ஜன்னத் பீவி கீழே களத்தில் நின்றுகொண்டு, நாலு வீடு தள்ளிப் போகிற மீன்காரரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தென்னந்தோப்பின் கடைசி வரிசையில் மட்டை விழுந்தால் எந்த மரம் என்று சொல்கிற காது அம்மாவுடையது. மாதங்கிக்கு அந்தக் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். இவ்வளவும் செய்தவள் நான்.

வேலை கிட்டத்தட்ட உறுதி. கொரியாவிலிருக்கும் அவர்களுடைய கிளையன்ட் ஒரு படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும். மே 10 காலைக்குள் அனுப்பச் சொன்னார்கள். பதினொன்றில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு கலங்கரை விளக்கக் காவல்காரரின் கதை. ஒரு மணி முப்பத்தேழு நிமிடம். சத்தங்கள் அதிகம் உள்ள படம் அது.

மே 9, வியாழக்கிழமை. நல்ல வெயில். காலையில் லோடு ஏற்றிவிட்டு அத்தா தஞ்சாவூர் போய்விட்டார். தேங்காய் உரிக்கிற துரைக்கண்ணு அண்ணனும் மற்ற ஆட்களும் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். களத்தில் கொப்பரை காய்ந்தது. காக்கைக்குக் காவலாக அம்மா புங்கமரத்து நிழலில் முக்காலி போட்டு, என் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

மணி 2.00. சப்டைட்டில் திருத்தும் மென்பொருளில் ஃபைலைத் திறந்தேன். ஒரு பக்கம் படம் ஓடும். இன்னொரு பக்கம் எல்லா வரிகளும் வரிசையாக எண்ணோடு நிற்கும்.

மொத்தம் 1,207 என்று காட்டியது.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. 1,206 தான். சோராவின் ஒரு வரியை எடுத்தேன், என் வரி ஒன்றைப் போட்டேன். எண் மாறவே கூடாது. மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்தேன். கூடுதலாக எந்த வரியும் கண்ணில் படவில்லை. மார்ச்சில் தப்பாக எண்ணியிருப்பேன் என்று விட்டுவிட்டுப் படத்தை ஓடவிட்டேன்.

பன்னிரண்டாவது நிமிடம். திரையில் நடுக்கடல், படகு, மேலே கடற்பறவைகள். கீழே எழுத்து வந்தது.

(காகங்கள்)

நடுக்கடலில் ஏது காகம்? சோரா தப்பு விடுகிற ஆள் இல்லை. படத்தை நிறுத்திவிட்டு ஃபைலில் அந்தச் சொல்லைத் தேடினேன். ஒரு முறை, இரண்டு முறை. ஃபைலில் அப்படி ஒரு சொல்லே இல்லை. வெளியே களத்தில் காகங்கள் கரைந்துகொண்டிருந்தன. அம்மா "ச்சூ" என்று விரட்டியது கேட்டது. வெயிலில் கண் மயங்கியிருக்கும் என்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

இருபத்தெட்டாவது நிமிடம். காவல்காரர் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். அமைதியான காட்சி.

(தகரக் கூரையில் மட்டை விழும் சத்தம்)

நான் படித்து முடித்தேன். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

தடால்.

கீழே களத்தோரக் கொட்டகையின் தகரத்தில் தென்னை மட்டை விழுந்தது.

மற்றவர்களாக இருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பார்கள். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சப்டைட்டில் நான்கு நொடி முந்தி ஓடுகிறது என்று தோன்றியது. சத்தியமாக. வருடக்கணக்காக அதே வேலை செய்த கை. மூளை யோசிப்பதற்கு முன் விரல் போய்விட்டது. எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து நான்கு நொடி பின்னால் தள்ளி, சேமித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் எதைப் பொருத்தியிருக்கிறேன் என்று உறைத்தது. படத்தின் சத்தத்துக்கு அல்ல. என் வீட்டுச் சத்தத்துக்கு.

இருந்தும் நான் படத்தை நிறுத்தவில்லை. நாளைக்கு அனுப்ப வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பத்து நிமிடத்துக்கும் மேல் ஒன்றும் வரவில்லை.

மணி 2.47. நாற்பத்தோராவது நிமிடம்.

(இரும்பில் காய் உரிக்கும் சத்தம்)

சரக்... சரக்... சரக்...

எழுத்து வந்த அதே நொடியில் கேட்டது. கீழே கிடங்கு வாசலில். நட்டு வைத்த இரும்புப் பாரையில் தேங்காயைக் குத்தித் திருகி உரிக்கிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எனக்குத் தப்பாது.

ஆட்கள் போய் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது.

ஜன்னலுக்குப் போனேன். கம்பி வழியாகப் பார்த்தால் பாரை நட்ட இடம் தெரியும். பாரை இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் வந்தது.

சரக்... சரக்...

திரும்பினேன்.

(மேலே கதவு மூடுகிறது)

கதவு மூடியது. காற்று இல்லை. ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. கதவு மெதுவாக வந்து மூடியது. வெளியே தாழ்ப்பாள் நகர்ந்தது. கிரீச்... டக்.

ஓடிப்போய் இழுத்தேன். வரவில்லை. தட்டினேன். உரிக்கிற சத்தம் நின்றது.

படிக்கட்டு இரும்பு. ஏறினால் ஒவ்வொரு படியும் சொல்லும். யாரும் ஏறவில்லை... யாரும் இறங்கவும் இல்லை.

லேப்டாப்பைப் பார்த்தேன்.

(மகள் அம்மாவை அழைக்கிறாள்)

"அம்மா..."

நான் நினைத்துக் கூப்பிடவில்லை. அந்த எழுத்து வந்த அதே நொடியில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவ்வளவு சரியாகப் பொருத்தியிருந்தேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அம்மா... அம்மா..."

அம்மா இருபதடி தூரத்தில் இருந்தார். முதுகு தெரிந்தது. முக்காடு தெரிந்தது. கையிலிருந்த குச்சி தெரிந்தது.

திரும்பவில்லை.

(அம்மாவுக்குக் கேட்கவில்லை)

மேசையிலிருந்த பேனாவை எறிந்தேன். அம்மாவின் காலடியில், சிமெண்டுத் தரையில் போய் விழுந்து தெறித்தது. அம்மா அசையவில்லை. ஒரு காகம் முக்காலிக்கு ஒரு முழம் தள்ளி வந்து உட்கார்ந்து கரைந்தது. அம்மா அதற்கும் திரும்பவில்லை. கொப்பரையை எடுத்துக்கொண்டு போனது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாதங்கியிடம் நான் சொன்னது... அப்படியே என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது.

படத்தை நிறுத்தினேன். படம் நின்றது.

எழுத்து நிற்கவில்லை.

(அழைக்கிறாள்)

(கேட்கவில்லை)

(அழைக்கிறாள்)

(கேட்கவில்லை)

லேப்டாப்பை மூடினேன். மூடியது தானாகத் திறக்கவில்லை. நல்லவேளை. ஆனால் மூடியிருந்தபோது வேறொன்று கேட்டது. அறைக்குள்ளே, என் குரலுக்கு அடியில், இன்னொரு குரல். மெலிந்த குரல். ஆண் குரல். தரையோடு தரையாக வந்தது. நான் கூப்பிடும்போதெல்லாம் அதுவும் கூப்பிட்டது.

நான் நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன்.

(குரல் குறைகிறது)

என் குரல் போயிருந்தது. வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தக் குரலும் தேய்ந்துகொண்டே வந்தது... தேய்ந்து... பிறகு இல்லை.

எழுத்தும் இல்லை. வரிகள் நிற்கும் பட்டியல் தானாகக் கடைசிக்கு உருண்டு போயிருந்தது. 1,206 என் பெயர். அதற்குக் கீழே 1,207.

காலி வரி. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

சோராவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

சோராவின் வரி என் லேப்டாப்பில் எங்குமே இல்லை. பழையதன் மேலேயே சேமித்து எல்லாவற்றையும் அழித்திருந்தேன். ஞாபகத்திலிருந்து அடித்தேன். விரல் வழுக்கியது. சத்தங்களை என் அம்மாவுக்காக எழுதினேன். அவர் கடைசி வரி வரை படிப்பார். இந்த வரியை... அந்த இடத்தில் அழுதுவிட்டேன். மனம் திருந்தி அழவில்லை. பயத்தில் அழுதேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் பெயரை அழித்தேன். சேமித்தேன்.

டக்.

வெளித் தாழ்ப்பாள் திறந்தது.

மணி 2.51.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. யாரும் இல்லை. கிடங்கு வாசலில் பாரைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் மட்டைகூடப் புதிதாக உரித்துக் கிடக்கவில்லை. களத்துக்கு ஓடினேன். என் காலடிச் சத்தத்துக்கே அம்மா திரும்பிவிட்டார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"கூப்புட்டேனேம்மா. மேல வெளித் தாப்பா விழுந்து மாட்டிக்கிட்டு அத்தன தடவ கூப்புட்டேன்."

"எப்ப? எனக்கு ஒண்ணும் கேக்கலயே." அம்மா காதைக் குடைந்துகொண்டார். "செத்த நேரம் காதுல தண்ணி பூந்த மாதிரி இருந்துச்சு. காக்கா கத்துனதுகூடத் தெரியல. வெயிலு போல. மேல யாரு தாப்பா போட்டது?"

"யாரும் போடலம்மா."

"அப்ப யாரு தொறந்தது?"

அம்மா குனிந்து காலடியில் கிடந்த பேனாவை எடுத்துப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு இங்க?" என்று கேட்டுவிட்டு என் கையில் கொடுத்தார்.

இதோடு நான் நிறுத்திக்கொண்டால் பயந்து திருந்தின நல்ல பெண்ணின் கதையாகிவிடும். அப்படி நடக்கவில்லை.

மறுநாள் காலை 9.40க்கு மாதங்கியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "தஹ்மீனா, ஃபைல் ரெடியா? பதினோரு மணிக்கு கிளையன்ட் பாக்குறாங்க." அத்தா வந்துவிட்டார். ஆட்கள் கீழே சிரித்துப் பேசி உரித்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு அண்ணன் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆணி லூசாக் கெடக்கு பாப்பா, அதான் தானா விழுந்திருக்கு" என்றார். அம்மாவுக்குக் காதில் அழுக்கு சேர்ந்திருக்கும். எனக்கு வெயில் மயக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நடந்ததும் பட்டப்பகலில்தான், ஆனால் காலை பத்து மணி வெளிச்சம் கொடுக்கிற தைரியம் வேறு.

10.22க்கு சோராவின் வரியை மறுபடி அழித்தேன். என் பெயரைப் போட்டேன். அனுப்பினேன். கை நடுங்கவே இல்லை. அந்தக் கை நடுங்காததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஒன்றும் ஆகவில்லை. கதவு மூடவில்லை, எழுத்து வரவில்லை. வேலை கிடைத்தது. அத்தா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அந்த சப்டைட்டில் தளத்தில் வேறு ஏதோ தேடப் போனேன். அங்கே உறுப்பினர்களுக்குச் செய்தி வருகிற பெட்டி ஒன்று இருப்பதையே அன்றுதான் கவனித்தேன். ஒரே ஒரு செய்தி இருந்தது. படிக்காமல் கிடந்தது. கொரிய மொழியில் எழுதியிருந்தது.

அதைப் படித்த அன்றே மாதங்கியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்கம்மா நல்லாருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். வேலை போனது, போக வேண்டியதுதான். அம்மாவிடமும் சொன்னேன். "நல்லாக் கேக்குற காத கேக்காதுன்னு சொல்ல எப்புடிடி வாய் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினொரு ஃபைல்களிலும் சோராவின் வரியைத் திரும்பப் போட்டு ஏற்றினேன். ஆனால் என் பெயரோடு இருக்கும் பிரதிகள் அதற்குள் எங்கெங்கோ பரவிவிட்டன. அவற்றைத் திரும்பப் பிடிக்க முடியாது. இன்றைக்கும் கீழே இருந்து அம்மா பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் நான் படியிறங்கி ஓடிவிடுவேன்.

அந்தச் செய்தியைத் தமிழில் தருகிறேன். முடிந்தவரை அப்படியே.

"வணக்கம், தஹ்மீனா. எனக்கு எழுபத்து மூன்று வயது. காது கேட்காது. சோரா என்ற பெயரில் சப்டைட்டில் எழுதியது என் மகன். எட்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டான். அவன் எழுதிய படங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். போன மாதம் என் கணினி பழுதாகி எல்லாம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் உங்களுடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். என் மகன் எழுதியது போலவே இருந்தது. முடிவில் அவனுடைய வரிக்காகக் காத்திருந்தேன். உங்கள் பெயர் வந்தது. அவனுக்கு ஒரு தோழி இருந்தது எனக்குத் தெரியாது. அவன் விட்டதை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்து அழுதேன். நன்றி.

"ஒன்று கேட்க வேண்டும். கலங்கரை விளக்கப் படத்தில் நாற்பத்தோராவது நிமிடத்தில், மாடியில் ஒரு மகள் தன் அம்மாவை அழைக்கிறாள், அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று எழுத்து வந்தது. நான்கு நிமிடம் வந்துகொண்டே இருந்தது. படத்தில் அப்படி ஒரு பெண் இல்லை. முன்பு இந்த வரிகள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. என் மகன் குளியலறையில் விழுந்து எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டதாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. நான் அடுத்த அறையில் இதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு யாராவது கதவைத் திறந்துவிட்டார்களா?"

செய்தி அனுப்பப்பட்ட தேதி அதன் மேலேயே இருந்தது. ஏப்ரல் 30, மாலை 4.08. நான் அந்த அறையில் மாட்டிக்கொள்வதற்கு ஒன்பது நாள் முன்பு.

அவருக்குப் பதில் எழுத வேண்டும். திறந்துவிட்டார்கள் அம்மா, உங்கள் மகன்தான் திறந்துவிட்டார் என்று நினைக்கிறேன் என்று எழுத வேண்டும். திறந்துவிட்ட மறுநாளே அவருடைய வரியை மறுபடி அழித்தேன் என்பதையும் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.